39 டாலர் 60 சென்ட்டில் ஒரு காதல்

பணக்கார வீட்டுப் பெண்ணும் வேலை பறிபோன நிருபனும் ஒரே பேருந்தில் ஏறினால் கதை எங்கே போய் முடியும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த மனப்பாடத்துக்கு மூலபாடமான ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ (1934) படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். முடிவு தெரிந்திருந்தும் 105 நிமிடங்களில் பெரும்பகுதி சலிக்கவே இல்லை. இயக்குநர் ஃபிராங்க் காப்ராவும் திரைக்கதை எழுதிய ராபர்ட் ரிஸ்கினும் காதலைப் பற்றிக் கொஞ்சமாகவும் காசைப் பற்றி ஓயாமலும் பேசுவதே அதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலத்துப் படம் அல்லவா!

மயாமியில் தந்தையின் உல்லாசப் படகிலிருந்து கடலில் குதித்துத் தப்பும் எல்லி (கிளாடெட் கோல்பெர்ட்), வீட்டாரை மீறி மணந்துகொண்ட விமானியிடம் போய்ச் சேர நியூயார்க் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறுகிறாள். அவள் யார் என்பதைக் கண்டுகொண்ட பீட்டர் (கிளார்க் கேபிள்), செய்தி தனக்கு மட்டுமே கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு துணைக்கு வருகிறான். வழியில் பேருந்து நிற்கும்போது, தான் வரச் சற்றுத் தாமதமாகும், வண்டி காத்திருக்கட்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு எல்லி நிதானமாக இறங்கிப் போகிறாள். திரும்பி வரும்போது வண்டி இல்லை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. உலகத்தில் இப்படியும் நடக்குமா என்ற திகைப்புதான். அவள் வளர்ந்த வீட்டைப் பற்றி வேறு காட்சியே தேவைப்படவில்லை.

சாலையோர விடுதியில் கணவன் மனைவி என்று சொல்லி ஒரே அறை எடுக்கிறார்கள். இரண்டு அறைக்குக் காசில்லை. இரு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டிக் கம்பளியைத் தொங்கவிடும் பீட்டர், அதற்கு ‘எரிகோவின் மதில்’ என்று பெயர் வைக்கிறான். விவிலியக் கதையில் யோசுவாவின் படை எக்காளம் ஊத இடிந்து விழுந்த நகர மதில் அது. யோசுவாவைப் போலத் தன்னிடம் எக்காளம் இல்லை என்று உறுதியும் தருகிறான். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகுவதற்குச் சில மாதங்கள் முன்பே வெளிவந்த படம் இது. ஆனாலும் அந்தக் கம்பளியைவிடக் கூச்சமான, அதேசமயம் குறும்பான தடுப்பை எந்தத் தணிக்கையாளரும் யோசித்திருக்க முடியாது. மறுநாள் காலை டோனட்டைக் காப்பியில் எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று பீட்டர் பாடம் நடத்துகிறான். ரொட்டி கோப்பைக்குள்ளேயே ஊறி விழுந்த அனுபவம் உள்ளவர்கள் அவன் பக்கம்தான் நிற்பார்கள்.

கட்டைவிரலைக் காட்டிக் காரை நிறுத்தும் வித்தையில் தான் மன்னன் என்று அளந்துவிட்டு, வரிசையாகப் போகும் கார்களின் முன் பீட்டர் அசடு வழியும் காட்சி புகழ்பெற்றது. எல்லி பாவாடையைச் சற்றே உயர்த்திக் காலைக் காட்டியதும் அடுத்த கார் கிறீச்சிட்டு நிற்கிறது. கோல்பெர்ட் முதலில் இதற்கு மறுத்தாராம். வேறொரு பெண்ணின் காலைப் படமாக்க ஏற்பாடானதும் ரோஷப்பட்டுத் தாமே வந்து நின்றாராம். எனக்கு அதைவிடப் பிடித்தது காரட். பசித்த இரவில் பச்சைக் காரட்டா என்று முகம் சுளித்தவள், பின்பு தானாகவே அவன் கோட்டுப் பையில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள். அவன் ஒன்றும் சொல்வதில்லை. காதல் வந்துவிட்டது என்று நான் நம்பியது அந்தக் கடியில்தான்.

குறைகளும் உண்டு. எல்லிக்குப் புத்தி சொல்லும் உரிமை தனக்குப் பிறவியிலேயே வாய்த்தது போல நடந்துகொள்ளும் பீட்டரின் அதட்டல், அன்று சிரிப்பை வரவழைத்திருக்கலாம். அவளுக்குத் தினம் ஓர் அடி கொடுக்கும் ஆள்தான் சரி என்று அவள் தந்தையிடமே அவன் சொல்லும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவரை ஒருவர் தவறாக எண்ணிப் பிரியும் கடைசிப் பகுதியும், ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கலை நீட்டிக்கொண்டு போகிறது. சாலையை விட்டு மாளிகைக்குள் நுழைந்ததும் படத்தின் துள்ளல் குறைந்துவிடுகிறது.

படப்பிடிப்பு முடிந்தபோது இதைப் படுமோசமான படம் என்று நண்பர்களிடம் நொந்துகொண்ட கோல்பெர்ட், ஆஸ்கர் விழாவுக்குப் போகாமல் ரயில் ஏறவிருந்தபோது, நிலையத்திலிருந்து அழைத்து வரப்பட்டுச் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்ற ஐந்து முதன்மை விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படம் இதுவே. ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த ‘சோரி சோரி’ (1956) இந்தக் கதையின் இந்தி வடிவம்தான். அதன் பாட்டுகளை முணுமுணுப்பவர்கள் மூலத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

மகளைக் கண்டுபிடித்துத் தருபவருக்குத் தந்தை அறிவித்த பரிசு 10,000 டாலர். பீட்டர் கேட்பதோ 39 டாலர் 60 சென்ட், பெட்ரோலுக்காக விற்ற கோட்டு, தொப்பி, சட்டைகள் உட்பட, கணக்கெழுதிய சீட்டோடு. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் தந்தையாக வரும் வால்டர் கானலியின் முகத்தைக் கவனியுங்கள். கடைசிக் காட்சியில் காதலர் இருவரும் திரையிலேயே இல்லை. விடுதிக்காரத் தம்பதி வெளியே நின்று, கயிறும் கம்பளியும் சரி, பொம்மை எக்காளம் எதற்கு என்று குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளேயிருந்து எக்காளம் ஒலிக்கிறது, கம்பளி தரையில் விழுகிறது.