வழி வாடகையா, நிற்கும் ரயிலா, சொந்த சைடிங்கா?

கடலூர் துறைமுகம் - விருத்தாசலம் பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு ரயில்வேயிடம் பேரம் பேச என்ன இருக்கிறது? இங்கிலாந்து நிலக்காரர்களுக்கு ஒரு காலத்தில் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது வழி வாடகை. நீராவி எஞ்சின் வருவதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், வட இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே நிலம் வைத்திருந்தவர்கள் கரி வண்டி போக அனுமதியை விற்றார்கள். கால் ஏக்கருக்கு, அதாவது நம் கணக்கில் 25 சென்ட்டுக்கு, ஆண்டுக்கு 20 பவுண்ட் எதிர்பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. நிலமும் கைவிட்டுப் போகாது, காசும் வரும். மூன்றில் இதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன். ஆனால் இதில் ஒரு சூதும் உண்டு. பெரிய முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து இந்த வழியுரிமைகளைக் கைப்பற்றி, போட்டியாளரின் கரி ஆற்றங்கரையை எட்டாமல் மறித்தார்கள்.

இரண்டாவது, நிபந்தனையோடு விற்பது. பியூஃபோர்ட் பிரபு, தன் ஊரான பாட்மிண்டனில் ரயில்கள் நிற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துத்தான் நிலம் கொடுத்தார். பெருமைக்குச் சரி, வருமானத்துக்கு உதவாது. 1968-இல் அந்த ஸ்டேஷனும் மூடப்பட்டது.

மூன்றாவது சைடிங், அதாவது சரக்கு ஏற்றி இறக்கப் பிரதான பாதையிலிருந்து பிரியும் சொந்தத் தண்டவாளம். பாதையை ஒட்டிய நிலக்காரர் தன் செலவில் கிளைப்பாதை போட்டு இணைத்துக்கொள்ளலாம் என்று 1845-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ரயில்வே சட்டத்தின் 76-ஆவது பிரிவே சொன்னது. கம்பெனியின் தயவு தேவையில்லை, அது உரிமை.

இந்தியாவில் கதை வேறு. 1849 முதல் போடப்பட்ட ஒப்பந்தங்களில் ரயில்வே கம்பெனிக்கு நிலத்தை இலவசமாகக் கொடுத்தது அரசு. முதலீட்டுக்கு 5 சதவீத வட்டிக்கும் அதுவே பொறுப்பேற்றது. குடியானவருக்கு நஷ்ட ஈடு கிடைத்திருக்கலாம், பேரம் பேச இடமில்லை. 1890 இந்திய ரயில்வே சட்டம் கம்பெனி தலையில் கட்டியதெல்லாம் பக்கத்து நிலக்காரருக்கான கிராசிங், மதகு, வேலி போன்றவைதான்.

ஆக இன்று மிஞ்சுவது இரண்டு: சொந்தச் செலவில் சைடிங், அல்லது ரயில்வேயின் பொதுச் சரக்கு நிலையமான கூட்ஸ் ஷெட். 2021 டிசம்பரில் வந்த கதி சக்தி சரக்கு முனையத் திட்டம் சைடிங் பக்கம் தராசைக் கொஞ்சம் சாய்த்திருக்கிறது; இணைப்புப் பாதைக்கு எடுக்கும் ரயில்வே நிலத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை. இருந்தும் திறந்த வேகன் ரேக் (ஒரு முழு சரக்கு ரயில்) ஒன்றுக்கு 58 வேகன், 3,500 டன்னுக்கு மேல். சொந்த சைடிங் என்றாலும் ஏற்றி இறக்கத் தாமதமானால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடும். வருஷத்துக்கு ஒரு தடவை நெல் அனுப்புபவருக்கு கூட்ஸ் ஷெட்டும் லாரியுமே லாபம். மாதம் தவறாமல் ரேக் நிரப்புகிறவர் திருச்சி கோட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். கடலூர் அந்தக் கோட்டத்தில்தான் வருகிறது.