சுவிச்சிலிருந்து பிங் அடித்துக் காட்டினால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலை. அலுவலகக் கொம்பியூட்டர்கள் 192.168.10.0 என்ற வலையமைப்பில், களஞ்சியத்துக் கமராக்கள் 192.168.20.0 என்ற இன்னொன்றில். நடுவில் வயர்லெஸ் லிங்க்: அலுவலகச் சுவிச் (கொம்பியூட்டர்களை வயரால் இணைக்கும் பெட்டி) 10.0.0.1, களஞ்சிய ரவுட்டர் 10.0.0.2. "ஸ்டாட்டிக் ரூட் (அடுத்த வலையமைப்புக்குப் போகும் வழியைக் கையால் எழுதும் வரி) எழுதித் தாறன்" என்று முழுக்காசையும் வாங்கியவர், சுவிச்சுக்குள் போய்க் கமராவுக்குப் பிங் அடித்தார், அதாவது பதில் வருகிறதா என்று சோதித்தார். பதில் வந்தது, ஆளும் போய்விட்டார். அலுவலகத்தில் ஒரு கமராவும் தெரியவில்லை.

அந்தப் பிங் 10.0.0.1 என்ற முகவரியிலிருந்து புறப்படுகிறது. களஞ்சிய ரவுட்டருக்கு அது நேரடியாகத் தெரிந்த முகவரி, பதில் எப்படியும் வரும். கொம்பியூட்டரிலிருந்து போகும் பக்கெற்றுக்கு (தரவுத் துண்டுக்கு) பதில் திரும்பும் வழியை அந்த ரவுட்டரில் யாரும் எழுதவில்லை. சுவிச்சிலும் ஐபி டிஃபோல்ட்-கேட்வே 10.0.0.2 என்ற ஒரே வரிதான் கிடந்தது. அது சுவிச் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் வாசல். மற்றவர்களின் பக்கெற்றைக் கடத்தாது.

சுவிச்சில் இருக்க வேண்டியவை (முதல் வரி பக்கெற் கடத்தலை இயக்கும், இரண்டாவது வழியைக் காட்டும்):

ஐபி ரூட்டிங்
ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 10.0.0.2

களஞ்சிய ரவுட்டரில் 192.168.10.0 255.255.255.0 க்கு அடுத்த முகவரி 10.0.0.1. கமராவின் கேட்வேயையும் பாருங்கள், பலர் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். சுவிச்சில் ஷோ ஐபி ரூட் என்ற கட்டளையை அடித்தால் 192.168.20.0 க்கு முன்னால் ஸ்டாட்டிக்கைக் குறிக்கும் எஸ் என்ற எழுத்து வர வேண்டும். "டிஃபோல்ட் கேட்வே இஸ்" என்று தொடங்கினால் ரூட்டிங் ஓடவில்லை.

பழைய சிஸ்கோ 2960 சுவிச்சை "லேயர் 3" (ரூட்டிங் செய்யக்கூடியது) என்று தலையில் கட்டுவதும் உண்டு. மொடல் இலக்கம் எஸ் இல் முடிந்தால் (24டிசி-எஸ் போல) அது லான் லைற் என்ற வசதி குறைந்த வகை, ரூட் எழுதவே முடியாது. எல் இல் முடிவது லான் பேஸ். அதிலும் 12.2(55)எஸ்இ அல்லது அதற்குப் பிந்திய மென்பொருள் வேண்டும்; எஸ்டிஎம் ப்ரிஃபர் லான்பேஸ்-ரூட்டிங் என்ற கட்டளையைக் கொடுத்து மறுதொடக்கம் செய்த பிறகே ரூட்டிங் வரும், அதுவும் 16 ஸ்டாட்டிக் ரூட் வரைதான்.

இந்த ஆலையில் இன்னொன்றும் நடந்தது. காசு வாங்கியவர் திரும்பி வந்து திருத்திய வரிகளைச் சேமிக்கவில்லை. கரண்ட் போய் வந்ததும் எல்லாம் அழிந்தது. வவுனியாவிலிருந்து வந்து போக மறுபடி பயணக்காசு. சேமிக்கும் கட்டளையான ரைட் மெமரியை அடிக்க ஐந்து விநாடி போதும். பாஸ்வேர்டையும் அவர் கொடுக்கவில்லை, அதனால் வேறு ஆளையும் கூப்பிட வழியில்லை.

கடைசித் தவணைக்கு முன் பாஸ்வேர்டையும் கொன்பிக்கின் (சுவிச்சில் எழுதிய வரிகளின்) பிரதியையும் வாங்குங்கள். பிறகு யூபிஎஸ்ஸில் இருந்தாலும் சுவிச்சின் பிளக்கைக் கழற்றி மாட்டி, அலுவலகக் கொம்பியூட்டரிலிருந்து கமராவுக்குப் பிங் அடிக்கச் சொல்லுங்கள்.