ராயபுரத்து உடற்பயிற்சிக் கூடம்: பல வருடம் போய்வந்தவனின் அனுபவம்

வடசென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள கூடத்தைப் பேட்டைக்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஏசி, டிரெட்மில் எதுவும் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்பதால் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. ராடும் பிளேட்டும் பழசு. தேய்ந்துபோன எடை எண்களைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் அங்கேயே தங்கிவிட்டதற்குக் காரணம் மூலையில் சாத்தி வைத்திருக்கும் கர்லாக்கட்டைகள், அதாவது கையில் பிடித்துச் சுழற்றும் கனமான மரக்கட்டைகள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இறுகிப்போன தோள் எனக்கு. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து சேர்ந்தேன். மாஸ்டர் இருப்பதிலேயே சின்னக் கட்டையை எடுத்துக் கொடுத்து, "வெயிட்டைப் பாக்காத தம்பி, சுத்து நிக்காம வரட்டும்" என்றார். சில மாதங்களில் பரண் மேல் இருக்கும் பெட்டியை வலியில்லாமல் எடுக்க முடிந்தது. கட்டை முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது தோள் முழு வட்டம் போகிறது. மெஷினில் கை ஒரே கோட்டில்தான் போய்வரும். இந்தக் கட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தார் இங்கிருந்து கற்றுக்கொண்டு போனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது!

தண்டால், பஸ்கி முடிந்ததும் பள்ளிக்கூட டிரில் போலக் கைகால் நீட்டும் பயிற்சி வரும். இது வேறு வழியில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக், 1920இல் சென்னை ஒய்எம்சிஏவில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த ஒருவரிடம் பயின்றவர் எங்கள் மாஸ்டரின் குரு. நாட்டுப் பயிற்சியும் கல்லூரிப் பயிற்சியும் கலந்துபோய், எது எங்கிருந்து வந்தது என்று இங்கே யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சாயங்காலம் கூடம் குத்துச்சண்டைப் பையன்களுடையது. துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் வளர்த்த ஆட்டம் இது. இங்கே குத்துச்சண்டைக் குழுவைப் பரம்பரை என்பார்கள்; சார்பட்டா பரம்பரை பெரிசா, இடியப்ப நாயக்கர் பரம்பரை பெரிசா என்று வாசல் திண்ணையில் பெரியவர்கள் இன்னும் சண்டை போடுவார்கள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியதைப் பற்றிக் கேட்டால் உங்கள் ஒரு மணி நேரம் காலி. ஆனாலும் நான் கேட்பேன்.

குறைகளும் உண்டு. பெண்களுக்குத் தனி நேரம் கிடையாது. கேட்டால் இடம் போதாது என்கிறார்கள். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கூடத்துக்கு இது ஒரு பதிலா? ரீல்ஸ் எடுக்கும் தம்பிகள் பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை. புரோட்டீன் பவுடர் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் சொல்லும் யோசனையைக் காதில் வாங்காதீர்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. அவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மற்றபடி, தோளும் முதுகும் இறுகிப்போன நாற்பது வயதுக்காரர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள், மாஸ்டர் அப்போதுதான் நிதானமாக இருப்பார். அப்புறம், துண்டு நீங்களே கொண்டுபோக வேண்டும்.