ஒன்பது வருஷமாகப் பஸ்ஸில் வாசித்த கிறிஸ்தவப் புத்தகங்கள்

2016 ஜூனில் தூத்துக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு பாளையங்கோட்டையில். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது. காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரை வரை ஓட்டம்தான். வேதம் வாசிப்பும் ஜெபமும் எப்படியோ நடந்துவிடும். மற்றபடி ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தே நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

பஸ்ஸில்தான் திரும்ப ஆரம்பித்தேன். கேடிசி நகர் தாண்டும்வரை கூட்டமும் டிக்கெட்டும் சில்லறையும். அதற்குப் பிறகு ஜன்னலோரம் அமைதியாகிவிடும். வல்லநாடு ஆற்றுப்பாலம் வருவதற்குள் ஒரு சின்ன அத்தியாயம், வாகைக்குளம் சுங்கச்சாவடிக்குள் இன்னொன்று. முடித்த ஒவ்வொரு புத்தகத்தின் கடைசித் தாளிலும் தேதியைப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். இதுவரை 41 புத்தகங்கள். நாவல், வாழ்க்கை வரலாறு, தியான நூல் எல்லாம் சேர்த்து. நேரமில்லாதவர்கள் எதை எடுக்கலாம் என்று சபையில் தோழிகள் அடிக்கடி கேட்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில், நாளுக்கு ஒரு பக்கம் என்று அமைந்த தியான நூல்கள்தான் எனக்குச் சரிப்படும் என்று நினைத்தேன். ஸ்காட்லாந்துப் போதகர் ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் ‘My Utmost for His Highest’ என்ற புத்தகத்தில் தொடங்கினேன். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தேதி போட்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. ஏப்ரலில் கணக்கு முடிக்கிற வேலை, பெரியவளுக்குக் காய்ச்சல். பதினொரு நாள் விட்டுப்போனது. அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தாலே கட்டாமல் விட்ட தவணை மாதிரி அந்தத் தேதிகள் கண்ணில் குத்தும். ஆறுதலுக்காக எடுத்த புத்தகம் மனப்பாரமாகிவிட்டது. இரண்டு வருஷம் அலமாரியில் கிடந்தது.

அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்று அறிந்த பிறகுதான் திரும்ப எடுத்தேன். சேம்பர்ஸ் 1917-இல் எகிப்தில், போர்வீரர்கள் நடுவே ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, 43 வயதில் இறந்துபோனார். அவர் பேசியதையெல்லாம் மனைவி பிடி சுருக்கெழுத்தில் குறித்து வைத்திருந்தார். நாலு வயது மகளோடு விதவையானவர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கொடுத்துப் பிழைத்துக்கொண்டே அந்தக் குறிப்புகளிலிருந்து நாளுக்கொன்றாகப் பகுதிகளைத் தொகுத்தார். 1927-இல் புத்தகம் வெளிவந்தது. முன்னுரையின் கீழ் தன் முழுப்பெயரைக்கூடப் போடாமல் இரண்டே எழுத்துகளில் நிறுத்திக்கொண்டார். சமையலுக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவில் உருவான புத்தகம் அது. அதற்கு முன்னால் நான் ஏன் குற்றவாளிபோல நிற்க வேண்டும்? இப்போது தேதியைப் பார்ப்பதில்லை. திறந்த பக்கத்தை வாசிக்கிறேன்.

ஆனாலும், வேலைக்கு நடுவில் கூடவே வருவது கதைதான் என்பதே இந்த ஒன்பது வருஷத்தில் நான் கண்டது. காலையில் வாசித்த நல்ல போதனை, அலுவலகத்தில் முதல் போன் வந்ததும் மறந்துபோகும். கதையில் ஒருவரை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தால், மத்தியானம் டிபன் டப்பா திறக்கும்போது அவர் ஞாபகம் வந்துவிடும்.

ஜான் பன்யனின் மோட்ச பிரயாணத்தை எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாத வீடு குறைவு. பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர் எழுதிய கதை. முதல் பாகம் 1678-இல் வந்தது. சின்ன வயதில் பாட்டி மடியில் கேட்ட கதையை முப்பத்தைந்து வயதில் பஸ்ஸில் முழுதாக வாசித்தேன். அதில் ஒரு சேற்று உளை வரும். சுமையோடு வருகிற கதாநாயகன் கிறிஸ்தியான் அதில் விழுந்து அமிழ்கிறான். உதவி என்கிறவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சொல்வார்: இந்தச் சேற்றை மேடாக்க ராஜாவின் ஆட்கள் இருபதாயிரம் வண்டி நல்ல போதனைகளைக் கொண்டுவந்து கொட்டியாயிற்று, ஆனாலும் இது இன்னும் சேறாகவே இருக்கிறது, நடுவில் உறுதியான படிகள் உண்டு, தலை சுற்றுகிறவர்களுக்கு அவை தெரிவதில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த வருஷம் தம்பிக்கு வேலை போய், அவன் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தான். நானும் வண்டி வண்டியாகப் புத்திமதி கொட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய் ஒன்றும் சொல்லாமல் கூட உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் போனேன். எந்தத் தியானப் பக்கமும் என்னை அப்படி எழுப்பி அனுப்பியதில்லை.

இந்தக் கதையைத்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியமாகப் பாடினார். நெல்லைப் பக்கத்துக் கரையிருப்பில் 1827-இல் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள்; 1894-இல் நூலாக வந்தது. அதற்கு முன்பே மாத இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்திருக்கிறது. அன்றைக்கு வாசித்தவர்களும் மாதத்துக்குக் கொஞ்சமாகத்தானே வாசித்திருப்பார்கள்! எனக்கு அது பெரிய தைரியம். வாரத்துக்கு நாலு பாடல், உரையோடு. கம்பனின் நடை பழகிய காதுக்கு அந்தத் தமிழ் தேன். இன்னும் முடிக்கவில்லை, அவசரமும் இல்லை.

2019-இல் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ராத்திரித் துணை நான்தான். கோரி டென் பூமின் வாழ்க்கைக் கதை அப்போது பையில் இருந்தது. ஹாலந்தில் ஹார்லெம் ஊரில் கடிகாரக் கடை நடத்திய குடும்பம். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944 பிப்ரவரியில் பிடிபட்டார்கள். அப்பா பத்து நாளில் காவலிலேயே இறந்தார். கோரியும் அக்கா பெட்ஸியும் ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஒரு ராத்திரி மெல்லிய விளக்கில் வாசித்துக்கொண்டிருந்தேன். அத்தை தூங்கிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

“ஏ பிள்ள, நீ மட்டும் வாசிச்சா எப்படி? எனக்கும் சொல்லு.”

ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். முகாமில் படுக்கிற பலகையெல்லாம் தெள்ளுப்பூச்சி. ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்று வேதம் சொல்கிறதே, தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி சொல்வோம் என்கிறார் பெட்ஸி. கோரிக்கு மனசு வரவில்லை. அவர்கள் தினமும் பெண்களைக் கூட்டி வேதம் வாசிக்கிறார்கள், காவலாளிகள் யாரும் உள்ளே வந்து தடுக்கவில்லை. ஏன் என்று பின்னால்தான் தெரிகிறது. தெள்ளுப்பூச்சிக்குப் பயந்து அவர்கள் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை.

அத்தை ரொம்ப நேரம் மேலே விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, “அந்த அக்கா பொழச்சாளா?” என்றார்கள்.

“இல்ல அத்தை. அந்த டிசம்பர்லயே அங்கேயே எறந்துட்டாக.”

“ம்.” கொஞ்சம் கழித்து, “என் காலுக்கு நான் இன்னும் ஸ்தோத்திரம் சொல்லல. சொல்லத் தோணல பிள்ள. தோணும்போது சொல்லுதேன்.”

அத்தை அப்படி மனசுவிட்டுப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சாவை மறைக்காமல் சொன்ன புத்தகம் என்பதால்தான் அந்தப் பேச்சு வந்தது என்று நம்புகிறேன்.

இதனால்தான் சில கிறிஸ்தவ நாவல்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக்கின் முதல் நாவல் 1979-இல் வந்து பெரிய வரவேற்பு பெற்றபின், வட அமெரிக்கப் புல்வெளிகளில் நடக்கும் அன்புக் கதைகள் ஏராளமாக வந்தன. அந்த முதல் நாவல் எனக்குப் பிடிக்கும். கணவனை இழந்த பெண் ஒருத்தி அழவேண்டியதை அழுது, மெதுவாகத்தான் எழுகிறாள். அதே வழியில் வந்து நான் வாசித்த சிலவற்றில் கடைசி இருபது பக்கத்துக்குள் நோய் குணமாகும், கடன் அடையும், குடிகாரன் திருந்துவான். ஜெபித்தும் குணமாகாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அது காயம் உண்டாக்கும். விசுவாசத்தைச் சொல்கிற கதை, விடை கிடைக்காத ஜெபத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

எமி கார்மைக்கேலை நான் விடாமல் வாசிப்பதும் அதற்காகத்தான். மிஷனரியாக வந்து, நம் நெல்லைப் பக்கத்து டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தவர். 1931-இல் கீழே விழுந்தபின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான். குணமாகவில்லை. அந்த அறையிலிருந்து எழுதியவை, வலியிலிருப்பவரோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற எழுத்து. அவர் கல்லறையில் பெயர்ப்பலகை இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் ‘அம்மா’ என்று மட்டும்.

காகிதப் புத்தகமா, செல்போனா என்று கேட்பார்கள். இரண்டும் பயன்படுத்திவிட்டேன். போனில் எழுத்தைப் பெரிதாக்கலாம், கூட்டத்தில் நின்றுகொண்டும் வாசிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் செய்தி ஒன்று மேலே எட்டிப்பார்த்தால் அவ்வளவுதான். போனில் வாசிக்கும்போது இணையத்தை அணைத்துவிடுகிறேன். தமிழ் மொழிபெயர்ப்புகளை, முடிந்தால் கடையில் புரட்டிப் பார்த்தே வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கிய ஒன்றில் பதினாறு பக்கம் விடுபட்டிருந்தது. இன்னொன்றில் வாக்கியங்கள் எனக்குப் புரியவே இல்லை. ஒலிப்புத்தகம் சமையலறைக்கு நல்ல துணை. லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் பழைய நூல்களை ஆங்கிலத்தில் இலவசமாகக் கேட்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸின் பேச்சும் கடிதங்களும் மிகச் சிறிய நூல். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஆண்டவரோடு அமைதியாக இருந்தேன் என்கிறவரைக் குக்கர் விசிலுக்கு நடுவில் கேட்டேன். அதற்கு அதுதான் சரியான இடம்.

இப்போது பையில் இருப்பது மர்லின் ராபின்சனின் ‘கிலியட்’. 2005-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். 1956-இல் அமெரிக்காவின் அயோவாவில், இதய நோயால் சாகப்போகிற 76 வயதுப் போதகர் தன் சின்ன மகனுக்கு எழுதிவைக்கிற நீண்ட கடிதம். அத்தியாயப் பிரிவு கிடையாது. சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தலாம், எங்கேயும் தொடங்கலாம். ஆனால் வேகமாகப் போகாது. பொறுமை வேண்டும்.

இதை இரண்டாவது முறையாக வாசிக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அத்தைக்குத் தமிழில் கதையாகச் சொல்கிறேன். வாக்கரை ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “அந்த ஐயர் என்ன எழுதினாரு?” என்பார்கள். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். போன வாரம் கதை முடிந்தது.

“அந்தப் பய வளந்து இத வாசிச்சானா?”

“அது புத்தகத்துல இல்ல அத்தை.”

அத்தை வாக்கரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். “வாசிச்சிருப்பான்” என்றார்கள்.