சந்தை மாடா, சொந்தக் கிடேரியா: ஐபிஆர் புகுந்த ஒரு கட்டுத்தரைக் கணக்கு

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு மாதம் நிறையாமல் கன்று வீசிவிட்டது என்றால் எல்லோருக்கும் முதலில், மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா நோய் ஞாபகம்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. இரண்டாம் ஈத்துச் சிவப்பி ஆறாம் மாதத்தில் வீசினாள். நஞ்சுக்கொடி விழவில்லை. கட்டுத்தரையில் இருந்தவர்களை எல்லாம் கையுறை போடச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார் டாக்டர். புருசெல்லா இல்லை, ஐபிஆர் இருக்கிறது என்று வந்தது. ஐபிஆர் என்பது மாட்டு ஹெர்ப்பிஸ் வைரஸ் கொண்டுவரும் நோய். மனிதனுக்குத் தொற்றாது என்பது மட்டும்தான் அன்றைக்குக் கிடைத்த நல்ல செய்தி.

அதற்கு ஒன்றரை மாதம் முன்னால் தரகர் மூலம் ஒரு கறவை வாங்கியிருந்தேன். வண்டியில் இருந்து இறக்கிய அன்றே மற்ற மாடுகளோடு ஒரே தண்ணித்தொட்டியில் விட்டது என் தப்பு. நாலாம் நாள் அதற்கு மூக்கொழுகியது, கண்ணில் நீர் வடிந்தது. மூக்கின் உட்புறம் செக்கச்செவேல் என்று இருந்தது. வெயில் அலைச்சல், சளி என்று விட்டுவிட்டேன். அடுத்தடுத்து மூன்று மாடுகளுக்குக் காய்ச்சல் வந்து பால் குறைந்தது, பத்து நாளில் எல்லாம் தேறிவிட்டன. சிவப்பியின் வயிற்றுக்குள் நடந்தது மட்டும் வெளியே தெரியவில்லை. காய்ச்சல் போய்ப் பல வாரம் கழித்துக்கூட இந்த நோயில் கன்று வீசலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் என் முன்னால் மூன்று வழி இருந்தது.

முதல் வழி, எல்லா மாட்டுக்கும் ரத்தம் பார்த்து, நோய் உள்ளதைக் கழித்துவிடுவது. சுவிட்சர்லாந்து அப்படித்தான் ஐபிஆரை ஒழித்தது. 1963-ல் மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டிக்கு வந்து நமக்குப் பிரவுன் சுவிஸ் கலப்பின மாட்டைக் கொடுத்தவர்களும் அவர்கள்தான் என்பதால் எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அங்கே நஷ்டத்துக்கு அரசு பின்னால் நின்றது. பன்னிரண்டு மாடு வைத்திருக்கிற நான் ஐந்தைக் கழித்தால் பால் சங்கத்துக்கு எதை ஊற்றுவது? கழிப்பது என்றால் நம் ஊரில் நடைமுறையில் என்ன அர்த்தம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். செவ்வாயோ வியாழனோ பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏற்றிவிடுவோம். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, என் வீட்டுச் சனியனை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவோம். அதைச் செய்ய மனம் வரவில்லை. இந்த வழியை இதோடு விட்டுவிடலாம்.

இரண்டாவது வழி, தடுப்பூசி போட்டுக்கொண்டு, வழக்கம்போல் வெளியில் மாடு வாங்குவது. மூன்றாவது, வெளி மாட்டை அடியோடு நிறுத்தி, சொந்தக் கன்றைக் கிடேரியாக வளர்த்து நிரப்புவது. நான் போனது மூன்றாவதில். அதனால் இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஊசி பயனில்லை என்று சொல்ல வரவில்லை. நோயின் வேகத்தைக் குறைக்கும், மூக்கு வழியாக வைரஸ் கொட்டுவதைக் குறைக்கும், கன்று வீசுவதையும் குறைக்கும். பெரிய பண்ணை, அடிக்கடி மாடு உள்ளே வந்து வெளியே போகும் இடம் என்றால் அதுதான் சரியான வழி. கொன்ற வைரஸ் ஊசி என்றால் மூன்று நாலு வார இடைவெளியில் இரண்டு தடவை, பிறகு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போடுங்கள். சாதாரண ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தைப் பார்த்தால், நோய் வந்த மாடா ஊசி போட்ட மாடா என்று பிரிக்க முடியாது. மார்க்கர் ஊசியில் வைரஸின் ஒரு புரதத்தை எடுத்துவிட்டிருப்பார்கள். அதனால் பரிசோதனையில் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். ஜெர்மனி 2017-ல் ஐபிஆர் இல்லாத நாடானதற்கு இந்த மார்க்கர் ஊசி பெரிய துணை. நான் ஊசி போட்டது ஒரே ஒரு சுற்று, அதுவும் நோய் வந்த பிறகு. அதை வைத்து அடித்துப் பேச மாட்டேன்.

எனக்கு முடிவைக் கொடுத்தது வேறு விஷயம். இந்த வைரஸ் ஒருமுறை உள்ளே போனால் போகவே போகாது. மனிதருக்கு உதட்டோரம் கொப்புளம் வந்து ஆறி, அடுத்த காய்ச்சலில் அதே இடத்தில் மறுபடி முளைக்குமே, அதே குடும்பம்தான் இது. மூக்கு வழியாக வந்தால் மாட்டின் முக நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். இனப்பெருக்க உறுப்பு வழியாக வந்தால் இடுப்புப் பக்கத்து நரம்பு முடிச்சில். மாடு பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், பாலும் கறக்கும். உடம்புக்கு ஒரு நெருக்கடி வரும்போது வைரஸ் விழித்து மறுபடி மூக்கில் வடியும்.

அந்த நெருக்கடிகள் என்னென்ன? லாரிப் பயணம். புது இடம், புதுத் தீவனம். கன்று ஈனுவது. ஸ்டீராய்டு ஊசி. சந்தையில் வாங்கும் மாட்டுக்கு இதில் பாதி ஒரே நாளில் நடந்துவிடுகிறது. வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ எல்லைச் சோதனைச் சாவடியில் வெயிலில் நின்று, பசியோடு நம் கட்டுத்தரைக்கு வந்து சேரும்போது, அந்த மாடு வைரஸைக் கொட்டுவதற்குத் தோதான நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் நாம் அதை நம் சினை மாட்டுக்குப் பக்கத்தில் கட்டுகிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். நரம்புக்குள் தூங்குவது எந்தச் சுழியிலும் தெரியாது. போட்ட ஊசியும் அதை அங்கிருந்து கிளப்பாது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் ரத்தம் பாருங்கள். பிறகு தனித் தொட்டி, தனி வாளி வைத்து ஒரு மாதம் தள்ளிக் கட்டி, முடிவில் இன்னொரு தடவை பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பே நோய் மாதிரிக் காட்டும்.

சொந்தக் கிடேரிக்கு ஆகிற செலவை மறைக்க மாட்டேன். பிறந்து ஈனும்வரை எங்கள் வீட்டில் இரண்டரை வருஷம் ஆகிறது. அதுவரை தவிடும் புண்ணாக்கும் போகிறதே தவிர ஒரு சொட்டுப் பால் வராது. பிறப்பதில் பாதி காளைக்கன்று. பாலினம் பிரித்த சினை ஊசி கிடைத்தால் அது கொஞ்சம் கைகொடுக்கும். முதல் வருஷம் என் பால் பணம் நன்றாகவே குறைந்தது. இப்போது நாலு கிடேரி நிற்கின்றன, ஒன்று மட்டும் இன்னும் சினை நிற்காமல் இழுத்தடிக்கிறது.

சினைக்கு ஊர்ப் பொலிகாளை வேண்டவே வேண்டாம். விந்திலும் இந்த வைரஸ் வரும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலும் அது சாகாது என்பதால்தான் உறைவிந்து நிலையங்களில் காளைகளுக்கு ஐபிஆர் பார்க்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே தோணியில் கேரள கால்நடை வளர்ச்சி வாரியத்தின் காளை நிலையம் இருக்கிறது. உறைவிந்துக் குச்சி எந்த நிலையத்தில் இருந்து வந்தது என்று ஊசி போட வருகிறவரிடம் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

எருமைக்கும் இந்த வைரஸ் தொற்றும். ஆனால் நான் எருமை கட்டியதில்லை, என் கணக்கை அப்படியே அங்கே போட்டுப் பார்க்காதீர்கள்.

சிவப்பியை விற்கவில்லை. கடைசித் தூணில் தனியாகத் தொட்டி கட்டி வைத்திருக்கிறேன். கறவையில் அவள் முறை கடைசி, கறந்த கையோடு மற்ற மாட்டிடம் போவதில்லை. மறுபடி சினை நின்று எட்டு மாதம் ஆகிறது. நான் வீட்டில் இல்லாத நேரம் டாக்டர் வந்தால் தெரியட்டும் என்று, ‘ஐபிஆர் மாடு, ஸ்டீராய்டு போடும் முன் கேட்கவும்’ என்று அவள் தூணில் சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். தமிழில் ஒரு வரி. அதற்குக் கீழே, பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு மலையாளத்தில் ஒரு வரி. மழைச் சாரல் பட்டால் அழிந்துவிடுகிறது, மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.