ரிச்சர்ட் சிப்ஸ் எழுதின ‘தி புரூஸ்டு ரீட்’: பியூரிட்டன்னாலே பயப்படுறவங்க முதல்ல படிக்க வேண்டிய புக்

பியூரிட்டன்கள்னா 16, 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து சபையை இன்னும் சுத்தப்படுத்தணும்னு நின்ன புராட்டஸ்டன்ட் ஆளுங்க. அவங்க புக்குன்னாலே நரகம், அக்கினி, நியாயத்தீர்ப்புன்னு ஒரே மிரட்டலா இருக்கும்னு நம்ம ஆளுங்க பாதிப் பேரு ஒதுங்கிடுறாங்க, அவங்க கையில இந்தப் புக்கைக் கொடுங்கன்னு நான் அடிச்சுச் சொல்வேன். பேருக்கு ‘நெரிந்த நாணல்’னு அர்த்தம், 1630ல இங்கிலாந்துல வந்தது. எழுதின சிப்ஸ் லண்டன்ல கிரேஸ் இன்ங்கிற எடத்துல வக்கீல்களுக்குப் பிரசங்கம் பண்ணினவரு, கேம்பிரிட்ஜ்ல கேத்தரின் ஹால்ங்கிற கல்லூரிக்குத் தலைவராவும் இருந்தாரு. பேனர் ஆஃப் ட்ரூத் வெளியிடுற பேப்பர்பேக் வரிசைல இங்கிலீஷ்ல கிடைக்குது, மொத்தம் 16 அத்தியாயம், எல்லாம் சின்னச் சின்னது.

முழுப் புக்கும் ஏசாயா 42:3 மேலதான் நிக்குது. கிறிஸ்து நெரிந்த நாணலை முறிக்க மாட்டார், மங்கியெரிகிற திரியை அணைக்க மாட்டார், அவ்வளவுதான். நாணலும் திரியும் இங்க உடைஞ்சு, பலவீனமா இருக்கிற விசுவாசிதான். ஆனா அந்தத் திரியை சிப்ஸ் எவ்ளோ கிட்ட வச்சுப் பாக்குறாரு தெரியுமா? திரியில நெருப்பு துளியூண்டு, புகையோ நெறைய, கண்ணு எரியும், நாமளா இருந்தா ஊதி அணைச்சுட்டுப் போயிருப்போம். கிறிஸ்து அணைக்கலன்னா காரணம் அந்தப் பொறி அவரே பத்த வச்சது, அதனால புகையைப் பொறுத்துக்கிட்டு பொறியைக் காப்பாத்துறாருன்னு சிப்ஸ் சொல்றாரு. ஜெபம் பண்ணக்கூட மனசு வராம, நமக்கெல்லாம் விசுவாசமே இல்லையோன்னு உக்காந்திருக்கிற ஆளுக்கு இதைவிட வேற என்ன சொல்லணும்?

கடவுளுக்கும் மனுஷனுக்கும் உள்ள உறவை பியூரிட்டன்கள் உடன்படிக்கையா, அதாவது கடவுள் மனுஷனோட பண்ணிக்கிற ஒப்பந்தமா வச்சுதான் பேசுவாங்க. இதுல அது ரொம்பத் தெளிவா வருது. மோசேயோட சட்டம் குறையே இல்லாத கீழ்ப்படிதலைக் கேக்கும், அதனால நெரிஞ்ச நாணலை எல்லாம் அது முறிச்சே போட்டுரும். கிறிஸ்து மூலமா வர்ற கிருபையின் உடன்படிக்கை அப்படி இல்ல, எவ்வளவுங்கிறதை விட உண்மையா இருக்காங்கிறதைத்தான் பாக்குது. அதுக்காக நெரியாம, அதாவது நம்ம பாவத்தை உணர்ந்து மனசு உடையாம தப்பிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, இரட்சிக்கப்பட்ட பிறகும் நெரியணும், அப்பதான் நாம நாணல்தான், ஓக் மரம் இல்லன்னு நமக்கே தெரியும்னு நேரா சொல்லிடுறாரு. ஆறுதலையும் இந்தக் கண்டிப்பையும் பிரிக்காம வச்சிருக்காரு பாருங்க, எனக்கு இந்தப் புக்குல ரொம்பப் பிடிச்சது அதுதான்.

ஊழியம் பண்றவங்க 5ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது கட்டாயம் படிங்க. சபைங்கிறது ஒரு பொது ஆஸ்பத்திரி, அதுல எல்லாருமே ஏதோ ஒரு விதத்துல நோயாளிதான்னு எழுதியிருக்காரு. இப்பதான் விசுவாசத்துக்கு வந்த ஆள் மேல எடுத்த உடனே எல்லாச் சுமையையும் ஏத்தி வைக்கிற பிரசங்கத்தைக் கேட்டவங்களுக்கு இந்த அத்தியாயம் எவ்ளோ தேவைன்னு புரியும்.

இந்தப் புக்கு செஞ்ச வேலையும் சின்னது இல்ல. பின்னால பேர்போன பியூரிட்டன் போதகரா ஆன ரிச்சர்ட் பாக்ஸ்டர் வீட்டு வாசலுக்கு ஒரு ஏழை வியாபாரி சாமான் விக்க வந்தப்ப அவங்கப்பா வாங்கினது இதைத்தான், அதைப் படிச்சுதான் கடவுளோட அன்பு தனக்குப் பிடிபட்டுச்சுன்னு பாக்ஸ்டரே எழுதி வச்சிருக்காரு. 1633ல அமெரிக்காவுக்குப் போயி பாஸ்டன் சபைல ஊழியம் பண்ணின ஜான் காட்டன் மனந்திரும்பினதும் சிப்ஸோட பிரசங்கத்துலதான்.

படிக்கக் கஷ்டமான்னா, ஆமா, கொஞ்சம் கஷ்டம்தான். ஒரு பக்கத்துக்குள்ள வசனம் மேல வசனமா வரும், வாக்கியம் நீளமா போகும், வேகமா ஓட்டினா ஒண்ணும் நிக்காது, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும், பக்கத்துல பைபிளைத் திறந்து வச்சுக்கங்க. பாதியில நிறுத்திடாதீங்க, அதுதான் முக்கியம். 11ஆம் அத்தியாயத்துல இருந்து வசனத்தோட அடுத்த பகுதிக்குப் போறாரு, கிறிஸ்து நம்ம உள்ள ஆட்சி பண்ணி ஜெயிக்கிறதைப் பத்தி. அதை விட்டுட்டு முதல் பாதியை மட்டும் படிச்சா, புகைஞ்சுக்கிட்டே இருந்தா போதும்னு சிப்ஸ் சொல்ற மாதிரி ஆயிடும், அவரு அப்படிச் சொல்லவே இல்ல. 5க்கு 5 கொடுக்குறேன், யோசிக்காம வாங்கலாம்.