பாட்-லிமிட் ஒமஹா: காய்ந்த ஏஸ் ஜோடியா, ரண்டவுனா?

பாட்-லிமிட் ஒமஹா என்பது ஆளுக்கு நாலு சீட்டு கொடுக்கும் போக்கர் ஆட்டம்; பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், எவ்வளவோ அதற்கு மேல் ஒரே தடவையில் ஏற்ற முடியாது. இதில் இரண்டு கைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஏ-ஏ-7-2, நாலு சீட்டும் நாலு சூட் (சின்னம்), ரெயின்போ என்பார்கள். ஏஸுக்கு உதவாத துணைச் சீட்டுகள், அதனால்தான் 'காய்ந்த' ஏஸ் ஜோடி. இன்னொன்று ஜே-10-9-8, இரண்டு ஸ்பேட், இரண்டு ஹார்ட். இரண்டு சூட்டில் இரண்டிரண்டு சீட்டு, அதுவும் அடுத்தடுத்த வரிசையில்: டபுள் சூட்டட் ரண்டவுன். கையில் இரண்டே சீட்டு வரும் ஹோல்டெம் போக்கர் ஆடிப் பழகியவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் கையைத்தான் கேட்பார். நூறு பிளைண்ட் ஸ்டாக்கோடு (கட்டாய முதல் பந்தயமான பிக் பிளைண்டைப் போல நூறு மடங்கு பணத்தோடு) ஆறு பேர் மேசையில் உட்காரும் புதியவருக்கு என் ஓட்டு இரண்டாவது கைக்கு. ஏஸுக்கும் நல்ல நேரம் ஒன்று உண்டு, அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

விதி தெரிந்ததுதான்: கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் போர்டிலிருந்து சரியாக மூன்று. நாலு சீட்டை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு சேர்க்கை வரும். ஜே-10-9-8-இல் ஆறும் வேலை செய்யும். ஏ-ஏ-7-2-இல் ஏ-ஏ ஒன்றுதான் உழைக்கிறது, மற்ற ஐந்தும் ஒப்புக்குச் சப்பாணி. அதனால்தான் ஃப்ளாப்புக்கு (போர்டின் முதல் மூன்று சீட்டுக்கு) முன்பே எல்லாப் பணமும் உள்ளே போனால்கூட இந்த இரண்டு கையும் ஏறக்குறைய சரிபாதியில் நிற்கின்றன. ஹோல்டெமில் ஏஸ் ஜோடி எதிரே ஜே-10 வந்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து தடவைக்கு மேல் ஜெயிக்கும். அந்த நினைப்போடு இங்கே வந்தால் பணம் கரையும்.

ஆனால் வெற்றி விகிதத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஃப்ளாப் விரியும்போது பாட்டைப் போல எத்தனை மடங்கு பணம் உங்கள் பின்னால் மிச்சம் இருக்கிறது என்பதே இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறது.

1-2 டாலர் பிளைண்ட் மேசை, ஆளுக்கு 200 டாலர். நீங்கள் ஏ-ஏ-7-2-ஐ வைத்துக்கொண்டு பாட் முழுக்க ரெய்ஸ் செய்தால் 7 டாலர். பாட்-லிமிட்டில் அதற்கு மேல் போக வழியில்லை. ஒமஹாவில் 7 டாலருக்கு யாரும் பயந்து ஓடுவதில்லை. பிக் பிளைண்டையும் சேர்த்து மூன்று பேர் கால் செய்தால் (அதே தொகையைப் போட்டால்) பாட் 29, உங்களிடம் மீதி 193. ஆறரை மடங்குக்கு மேல். ஃப்ளாப்பில் இன்னொரு ஏஸ் விழுவது சுமார் 12 சதவீதம், எட்டில் ஒரு தடவை. மற்ற ஏழு தடவை, 9-8-5 போல ஒரு போர்டில், இரண்டு கிளாவரும் சேர்ந்து கிடக்க, உங்களிடம் இருப்பது வெறும் ஜோடி. பெட் போட்டால் உங்களைவிடப் பலமான கைகளும் பெரிய டிராக்களும் (இன்னொரு சீட்டுக்காகக் காத்திருக்கும் கைகளும்) மட்டும்தான் கால் செய்யும். செக் செய்தால் (பணம் போடாமல் விட்டால்) உங்கள் சீட்டு மேசைக்கே தெரிந்துவிடும். இன்னும் இரண்டு சுற்று பெட்டிங் பாக்கி இருக்கிறது, அதைத் தாங்க இந்தக் கையால் முடியாது.

இப்போது ஏஸின் நல்ல நேரம். நீங்கள் 7-க்குத் திறக்க, பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடத்தில்) இருப்பவர் பாட் முழுக்க ஏற்றி 24 ஆக்குகிறார், பிளைண்டுகள் விலகுகின்றன. இப்போது நீங்கள் மறுபடி பாட் ஏற்றினால் 75. அவர் கால் செய்தால் பாட் 153, உங்களிடம் மீதி 125. ஒரு மடங்குகூட இல்லை. ஃப்ளாப்பில் எது விழுந்தாலும் மிச்சத்தைத் தள்ளிவிடலாம், யோசிக்க ஒன்றுமில்லை. அந்த 24-க்கு வெறுமனே கால் செய்திருந்தால் பாட் 51, மீதி 176. அதாவது மூன்றரை மடங்கு, காய்ந்த ஏஸுக்கு ரொம்பவும் சங்கடமான ஆழம். ஸ்டாக்கில் மூன்றில் ஒரு பங்காவது முன்கூட்டியே உள்ளே போக வழி இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் 7 டாலரோடு அடக்கி வாசியுங்கள்.

ரண்டவுன் இதற்கு நேர் எதிர். மிச்சப் பணம் கூடக்கூட அதன் மதிப்பும் கூடும், ஆனால் உயரம் வேண்டும். ஜே-10-9-8-க்கு 7-6-2 ரெயின்போ ஃப்ளாப் வந்தால் டர்னில் (போர்டின் நாலாவது சீட்டில்) 10, 9, 8 ஒவ்வொன்றிலும் மூன்று சீட்டு, 5-இல் நாலு: மொத்தம் 13 சீட்டு ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) கொடுக்கும். பதின்மூன்றும் நட்ஸ், அதாவது அந்த போர்டில் யாரும் அடிக்க முடியாத கை. இதையே 6-5-4-3 கையோடும் 8-7-2 ஃப்ளாப்போடும் போட்டுப் பாருங்கள். அங்கேயும் 13 சீட்டு வரும். ஆனால் 9 விழுந்தால் ஜே-10 உங்களை அடிக்கும், 6 விழுந்தால் 10-9 அடிக்கும், 5 விழுந்தால் 9-6 அடிக்கும். நட்ஸ் கொடுப்பது மூன்று 4 மட்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே டிராதான். முதலாவதில் மொத்த ஸ்டாக்கையும் வைக்கலாம், இரண்டாவதில் வைத்தால் ஸ்ட்ரெய்ட் அடித்தும் தோற்பீர்கள். புதியவர்கள் ரண்டவுன் என்று கேள்விப்பட்டு 5-4-3-2-ஐ எல்லாம் ஆடுவது இதனால்தான் வீண்.

இடைவெளிக்கும் இதே நியாயம். ஜே-10-9-7 பரவாயில்லை, கீழேதான் ஓட்டை. ஜே-9-8-7-இல் ஓட்டை மேலே, நட்ஸ் குறைந்துவிடும். கே-க்யூ-ஜே-3 போல ஒரு சீட்டு தனியே தொங்கினால் அது மூன்று சீட்டுக் கை. ஆறு சேர்க்கையில் பாதி போச்சு. ஒரே சூட்டில் மூன்று வந்தாலும் மகிழ்ச்சி வேண்டாம், உங்கள் ஃப்ளஷுக்கான (ஒரே சூட்டில் ஐந்து சீட்டுக்கான) சீட்டில் ஒன்றை நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள். ரண்டவுன் டபுள் சூட்டட் ஆனாலும் ஜே-ஹை ஃப்ளஷை மட்டும் நம்பிப் பெரிய பணம் போடக்கூடாது; அது ஸ்ட்ரெய்ட் டிராவுக்குப் பக்கபலம், அவ்வளவுதான்.

ஏ-ஏ-ஜே-10 டபுள் சூட்டட், ஏ-ஏ-கே-கே டபுள் சூட்டட் வந்தால் இந்த ஒப்பீடே வேண்டாம், அவை ஒமஹாவின் உச்சக் கைகள். வரும் எல்லாக் கைகளிலும் சுமார் 2.57 சதவீதத்தில்தான் ஏஸ் ஜோடி இருக்கும், அதிலும் நல்ல துணைச் சீட்டோடு வருவது இன்னும் அரிது. டோர்னமென்ட்டில், இருபது முப்பது பிளைண்ட் மட்டும் மிஞ்சிய நிலையில், தராசு ஏஸ் பக்கம் சாயும் என்று கணக்கு சொல்கிறது. எவ்வளவு சாயும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்த ஆட்டம் எனக்குப் பழக்கமில்லை.

கடைசியாக, பட்டனில் ஜே-10-9-8 டபுள் சூட்டட்டோடு 24 போட்டு, எதிராளி 75-க்கு ஏற்றினால் என்ன செய்வது? அவரிடம் ஏஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் 102 கிடக்கிறது, நீங்கள் போட வேண்டியது 51. மூன்றில் ஒரு தடவை ஜெயித்தால் போதும். இந்தக் கை பாதியை ஒட்டி ஜெயிக்கும். கால் செய்யுங்கள். அதே இடத்தில் கையில் கே-கே-8-3 ரெயின்போ இருந்தால் வீசிவிடுங்கள்.